வேட்பாளரின் பின்சக்கரம்

மூன்றாவது நாளும் அதே புளியமரத்துக்கு நேராக வந்ததும் ஜெகதீஸ்வரனின் சைக்கிள் உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரத்தில் பேருக்குக்கூடக் காற்று இல்லை.

அவர் இறங்கி ஸ்டாண்டு போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபடி டயர் முழுவதையும் விரலால் தடவினார். முள் இல்லை. ஆணி இல்லை. கண்ணாடிச் சில்லு இல்லை. முள் குத்தியிருந்தால் முள் இருக்க வேண்டும், அல்லது முள் போன வழியாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு டயர் மூன்று நாளும் ஒரே மரத்தடியில் காற்றை விடுவது எப்படி என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பின்னால் நோட்டீஸ் கட்டோடு நடந்து வந்துகொண்டிருந்த மாரிக்கண்ணன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. தேர்தல் வேலை முழுக்க அவன் பொறுப்பில்தான் இருந்தது.

"மறுபடியுமா மச்சான்?"

"மறுபடியுந்தான்."

"இது தங்கச்செல்வி ஆளுக வேலையாத்தான் இருக்கும்."

"புளியமரத்துல ஏறி உக்காந்துக்கிட்டு என் டயர்க் காத்தை உறிஞ்சி எடுக்காகளாக்கும்? உருட்டுடா."

இருவரும் சைக்கிளைத் திருப்பி ஊரைப் பார்த்து உருட்டினார்கள். ஓட்டுப்பதிவுக்கு இன்னும் பதினோரு நாள்.

ஜெகதீஸ்வரன் ஊமச்சிபட்டியில் உரக்கடை வைத்திருந்தார். தொண்ணூற்றெட்டுக் கிலோ. போன தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்று பதினான்கு ஓட்டில் தோற்றவர். தோற்றது பெரிய விஷயமில்லை. ஊரில் இன்னொரு ஜெகதீஸ்வரனும் இருந்ததுதான் பெரிய விஷயம். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்ததால் கரண்டு ஜெகதீஸ்வரன் என்றார்கள். இவரை அடையாளம் சொல்ல அதுவரை உரக்கடை என்று சொல்லிவந்த ஊர், தேர்தல் முடிந்த வாரத்திலிருந்து தோத்த ஜெகதீஸ்வரன் என்று சொல்லத் தொடங்கியது. யாரும் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் வருத்தியது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், கடை வாசலில் நின்று மிகுந்த மரியாதையோடு, "தோத்த ஜெகதீஸ்வரன் ஐயா இருக்காகளா?" என்று கேட்டிருக்கிறார். இந்தத் தடவையும் தோற்றால் அந்தப் பெயர் அவரோடு சுடுகாடு வரை வரும்.

அந்தப் பதினான்கு ஓட்டு போனது மேலப்பொட்டலில். ஊமச்சிபட்டி ஊராட்சியில் இரண்டு ஊர்கள். ஊமச்சிபட்டிக்குக் மேற்கே மூன்று கிலோமீட்டரில் மேலப்பொட்டல். அங்கே நானூற்றுச் சொச்சம் ஓட்டும், இரண்டு ஊருக்கும் பொதுவான மேல்நிலைப் பள்ளியும் இருந்தன. இரண்டு ஊரையும் இணைக்கிற மண்ரோடு ஒரு காலத்தில் லாரி போகிற அகலம் இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் வளர்ந்து உள்ளே சாய்ந்து, ஒரு டிராக்டர் போனால் அதோடு ரோடு முடிந்தது. எதிரே சைக்கிளில் வருகிற பிள்ளைகள் முள்ளுக்குள் இறங்க வேண்டும். நடந்து வருகிறவர்கள் முதுகை முள்ளுக்குக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த சைக்கிள்களில் பாதி பஞ்சராகி வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தன.

அந்த ரோட்டில் பதினைந்து வருஷமாகத் தினமும் நடந்துபோய் வருகிறவர் சங்கரம்மாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல் அவருடையது. சைக்கிள் கடை நல்லகண்ணுவின் வீட்டுக்காரி, மகளிர் குழுவின் தலைவியும் அவர்தான். வேட்புமனு முடிந்த மறுநாள் அந்தக் குழு ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதி இரண்டு வேட்பாளர்களுக்கும் கொடுத்தது. நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் நீங்கள் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? பதிலை எழுதிக்கொண்டு வந்து சமுதாயக் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும்.

ஜெகதீஸ்வரனின் பதிலை மாரிக்கண்ணன் எழுதினான். ஏதோ குளிர்நாட்டு நகரம் ஒன்றைப் பற்றிச் செல்போனில் பார்த்து இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தான். நடப்பவர்களுக்கு உயரமான தனிப்பாதை. சைக்கிளுக்குப் பச்சை வண்ணம் அடித்த தனிப்பாதை. வழிநெடுக இருக்கைகள். ரோட்டைக் கடக்க வேண்டியவர்கள் கம்பத்தில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் வண்டிகள் எல்லாம் நிற்கும். வாசித்து முடித்ததும் கூடத்தின் பின்வரிசையிலிருந்து ஆட்டுக்காரர் ஒருவர், ஆடு அமுக்கினாலும் நிற்குமா என்று கேட்டார். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாரிக்கண்ணன் செல்போனை எடுத்துத் தேடத் தொடங்கினான்.

எதிர்த்து நின்ற தங்கச்செல்வி இரண்டே வரி எழுதியிருந்தார். முள்ளை வெட்டுவேன். ரோட்டை அகலமாக்குவேன். அவர் தையல் வகுப்பு நடத்துகிறவர். ஒல்லியான ஆள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை.

சங்கரம்மாள் தன் பையிலிருந்து மூன்று பழைய தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். இதற்கு முன் ஜெயித்த மூன்று தலைவர்களும் இதே இரண்டு வரியைத்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்றார். பிறகு இரண்டு பேரையும் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு பேருமே சொல்லுங்க. கடைசியா எப்ப அந்த ரோட்டுல கால் வச்சீக?"

கூடம் முழுக்க இரண்டு பேரையும் பார்த்தது. மேலப்பொட்டலுக்கு ஜெகதீஸ்வரன் காரில்தான் போவார். மெயின் ரோடு வழியாகப் பதினொரு கிலோமீட்டர் சுற்று. தங்கச்செல்வியும் அதே சுற்றுதான், ஸ்கூட்டியில். இது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பார்வை ஜெகதீஸ்வரனுக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று, ஓட்டுப்பதிவு நாள் வரைக்கும் காரைத் தொடமாட்டேன், அந்த ரோட்டில் சைக்கிளிலேயே போய் ஓட்டுக் கேட்பேன் என்று சொல்லிவிட்டார். கை தட்டல் எழுந்தது. தட்டல் அடங்குவதற்குள் தங்கச்செல்வியும் எழுந்து, "நானும்" என்றார். சங்கரம்மாள் அதையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, மற்ற தாள்களோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

உரக்கடையில் மூட்டை கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கனத்த சைக்கிள் இருந்தது. அதைத் துடைத்து, முன்னால் தன் தேர்தல் சின்னமான பூட்டு சாவி வரைந்த கொடி கட்டி, ஜெகதீஸ்வரன் மறுநாளே கிளம்பினார். அன்றைக்குத்தான் புளியமரத்தடியில் முதல்முறையாகக் காற்று இறங்கியது.

நல்லகண்ணுவின் கடை பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. ஊரில் இருந்த ஒரே சைக்கிள் கடை. இரண்டு வேட்பாளர்களும் காலையில் அங்கே வந்து காற்று அடித்துக்கொண்டுதான் கிளம்பினார்கள். நல்லகண்ணு பம்பை அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டார். காற்றுக்கு ஓர் அளவு இருக்கிறது, அது கைக்குத்தான் தெரியும் என்பார்.

மூன்றாம் நாள் உருட்டிக்கொண்டு வந்த சைக்கிளை அவர் மறுபேச்சில்லாமல் தலைகீழாக நிறுத்தினார். பஞ்சர் பார்ப்பது எளிய வேலை. ஆனால் அதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் டயரை நெம்பி டியூப்பை வெளியே எடுத்தார். அடுத்து, வால்வைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்ன நட்டை இரண்டு விரலால் நன்றாக இறுக்கிவிட்டு, டியூப் உருண்டு வரும்வரை காற்று அடித்தார். பிறகு தொட்டித் தண்ணீரில் டியூப்பை ஒரு சாண் ஒரு சாணாக அமுக்கி நகர்த்தினார். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் குமிழ் வரும். குமிழ் வந்த இடத்தில் ஒரு தீக்குச்சியைக் குத்தி அடையாளம் வைக்க வேண்டியதுதான். முழுச் சுற்று வந்தாகிவிட்டது, ஒரு குமிழும் இல்லை. கடைசியாக வால்வின் வாயில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தார். எச்சில் அசையாமல் இருந்தது.

"டியூப்ல குத்தமில்ல மொதலாளி."

"அப்ப காத்து எங்கண்ணே போகுது?"

நல்லகண்ணு கையைத் துடைத்துக்கொண்டார். கருவேல முள்ளில் ஒரு ஜாதி இருக்கிறது என்றார். நுனி மட்டும் ஒடிந்து டயர் ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். ஆள் ஏறி உட்கார்ந்தால் எடையில் டயர் அமுங்கி, அந்த நுனி டியூப்பைத் தொடும். மயிரிழை அளவுக்குக் காற்று கசியும். ஆள் இறங்கினால் நுனி உள்ளே போய்விடும், ரப்பர் மூடிக்கொள்ளும். தொட்டித் தண்ணீரில் போட்டால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் தொட்டிக்குள் யாரும் ஏறி உட்காருவதில்லை.

ஜெகதீஸ்வரனுக்கு இது நியாயமாகப் பட்டது. டயரையும் டியூப்பையும் சேர்த்தே மாற்றச் சொன்னார். நல்லகண்ணு மாற்றினார், காற்று அடித்துக் கொடுத்தார். நான்காம் நாள் புது டயர் புது டியூப்போடு போன சைக்கிள், புளியமரத்தடியில் உட்கார்ந்தது.

மாரிக்கண்ணன் நல்லகண்ணுவையே சந்தேகப்பட்டான். அவன் எல்லாரையும் சந்தேகப்படுகிறவன். ஆகவே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் அருப்புக்கோட்டைக்குப் போய்ப் புதுப் பம்பு ஒன்று வாங்கி வந்து, வீட்டு முற்றத்தில் தானே காற்று அடித்தான். அன்றைக்குச் சைக்கிள் புளியமரத்தைத் தாண்டியது. ஜெகதீஸ்வரன் திரும்பிப் பார்த்து, பின்னால் நடந்து வந்தவனுக்குக் கையை ஆட்டினார். கை ஆட்டிய நேரத்தில் எதிரே விறகு லோடு ஏற்றிய டிராக்டர் வந்தது. அவர் ஒதுங்கினார். ஒதுங்க இருந்த ஒரே இடம் முள்தான்.

நல்லகண்ணு அன்றைக்குத் தொட்டியில் போட்டுப் பார்த்தபோது ஏழு இடத்தில் குமிழ் வந்தது. ஏழு தீக்குச்சி குத்தினார். வேட்பாளரின் முழங்கையிலும் முதுகிலும் எத்தனை என்று அவர் எண்ணவில்லை.

"வீட்டுல காத்து அடிச்சீகளோ?"

"மாப்ளைதான் அடிச்சான்."

"ம்," என்றார் நல்லகண்ணு. ஏழு தீக்குச்சியையும் ஒருமுறை பார்த்தார். அதற்கப்புறம் அந்தப் பம்பு வெளியே வரவில்லை.

ஏழு ஓட்டையும் அடைத்து முடித்த பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். டயரில் வைத்தியம் பார்த்துப் புண்ணியமில்லை, ரோட்டில் பார்க்க வேண்டும் என்றார். புளியமரத்தை ஒட்டித்தான் கிளைகள் அதிகமாகச் சாய்ந்திருக்கின்றன, அந்த இடத்தை மட்டும் வெட்டிப் பாருங்கள், காற்று நிற்கிறதா இல்லையா தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலமே ஜெகதீஸ்வரனும் மாரிக்கண்ணனும் அரிவாளோடு போய், ஊர் எல்லையிலிருந்து புளியமரம் வரைக்கும் சாய்ந்திருந்த கிளைகளை வெட்டித் தள்ளினார்கள். ஆறாம் நாள் சைக்கிள் புளியமரத்தைக் கடந்தது, டயரில் காற்று இருந்தது. ஓடைப்பாலத்துக்குப் பத்தடி முன்னால் காற்று இறங்கியது.

ஜெகதீஸ்வரன் அந்த இடத்திலேயே நின்று முன்னும் பின்னும் பார்த்தார். வெட்டிய வரைக்கும் காற்று நின்றது. வெட்டாத இடத்துக்கு வந்ததும் இறங்கிவிட்டது. உரக்கடைக்காரர் அவர். பாதி வயலுக்கு உரம் போட்டு, பாதி வயலைச் சும்மா விட்டு, எந்தப் பாதி விளைகிறது என்று விவசாயிகளுக்குக் காட்டி வியாபாரம் செய்கிறவர். இதைவிடத் தெளிவான சான்று ஒன்றை அவர் எந்த வயலிலும் கண்டதில்லை.

ஆனால் கருவேலத்தை வெட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெட்டுகிறபோது சில்லுச் சில்லாக முள் ரோட்டில் தெறிக்கும். மறுநாள் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் நான்கு பேருக்குப் பஞ்சர். தோத்த ஜெகதீஸ்வரன் ரோட்டுல முள்ளுப் போட்டுட்டாக என்று மேலப்பொட்டல் முழுக்கப் பேச்சானது. ஆகவே கூட்ட ஆள் தேவைப்பட்டது. ஊர்க்காரர்களைக் கூலிக்கு வைத்தால் வாக்காளருக்குப் பணம் கொடுத்ததாகிவிடும் என்று மாரிக்கண்ணன் சொன்னான். அதனால் இந்த ஊராட்சியில் ஓட்டே இல்லாத ஆட்களாக, நரிக்குடியிலிருந்து தன் சொந்தக்காரர்கள் எட்டுப் பேரை வரவழைத்தான். அவர்கள் விளக்குமாறும் முள்ளை வாரும் பறண்டியுமாக வந்து இறங்கினார்கள். ஓட்டில்லாத ஆட்கள் எட்டுப் பேர் தேர்தல் நேரத்தில் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று ஊர் கேட்கத் தொடங்கியது. கள்ள ஓட்டுப் போடத்தான் என்று ஊரே முடிவும் செய்துகொண்டது.

அடுத்த சிக்கல், கருவேலம் வெட்டினால் சாகிற மரமில்லை. இடுப்பளவில் வெட்டினால் அதே இடத்தில் நாலு கொம்பு கிளம்பும். வேரோடு எடுக்க வேண்டும், வேரோடு எடுக்க ஜேசிபி வேண்டும். ஏழாம் நாள் ஜேசிபி வந்தது. ஓடைப்பாலம் வரை இரண்டு பக்கமும் வேரைப் பிடுங்கி, பள்ளத்தை மூடி, மண்ணைத் தட்டிச் சமமாக்கியது. எட்டாம் நாள் சைக்கிள் ஓடைப்பாலத்தையும் தாண்டி, விறகை எரித்துக் கரிமூட்டம் போடுகிற பொட்டல் வரைக்கும் போய்க் காற்று இறங்கியது. ஜெகதீஸ்வரனுக்குக் கிட்டத்தட்ட மகிழ்ச்சியாகவே இருந்தது. முள்ளை அவர் துரத்திக்கொண்டிருந்தார். முள் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

ஜேசிபி கரிமூட்டம் வரை வந்து சேர்ந்த அன்று தேர்தல் பறக்கும் படையும் வந்தது. ஜீப்பிலிருந்து ஒரு பெண் அலுவலரும் வீடியோக்காரரும் இறங்கினார்கள். வேட்பாளர் ஜெகதீஸ்வரன் வாக்காளர்களைக் கவர்வதற்காகச் சாலைப்பணி செய்கிறார் என்று தங்கச்செல்வி தரப்பிலிருந்து புகார் போயிருந்தது. வேடிக்கை பார்க்க இரண்டு ஊரிலிருந்தும் ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். சமையல் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த சங்கரம்மாளும் தூக்குவாளியோடு நின்றார்.

அலுவலர் சட்டத்தைப் பொறுமையாக விளக்கினார். வாக்காளர்களின் நன்மைக்காக இதைச் செய்திருந்தால் அது விதிமீறல், வழக்குப் பதிய வேண்டியிருக்கும். சொந்தத் தேவைக்காகச் செய்திருந்தால் புறம்போக்கு மரத்தை வெட்டியதாகத்தான் வரும், மரத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைத்தால் போதும்.

"இப்பச் சொல்லுங்க. யாருக்காக வெட்டுனீங்க?"

வீடியோக்காரர் கேமராவைத் திருப்பினார். ஜெகதீஸ்வரன் கூட்டத்தைப் பார்த்தார். எதிரே நின்ற எல்லாரும் ஓட்டு உள்ளவர்கள். உங்களுக்காகத்தான் என்று சொன்னால் வழக்கு. எனக்காக என்று சொன்னால் ஓட்டுப் போய்விடும்.

"என் பின்சக்கரத்துக்காக," என்றார்.

"எதுக்காக?"

"பின்சக்கரத்துக்காக மேடம். காத்து நிக்க மாட்டேங்குது."

அலுவலர் அதற்குச் சான்று கேட்டார். நல்லகண்ணு வரவழைக்கப்பட்டார். கேரியரில் தொட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். கேமரா முன்னால் டயரை நெம்பி, நட்டை இறுக்கி, காற்று அடித்து, டியூப்பைச் சாண் சாணாகத் தண்ணீரில் அமுக்கினார். அறுபது பேரும் அலுவலரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குமிழும் வரவில்லை.

"ஓட்டை இல்லையே?" என்றார் அலுவலர்.

"ஓட்டை இருந்தா டயர்ல வேலை மேடம். நான் ஒட்டிக் கொடுத்திருப்பேன். ஓட்டை இல்ல, காத்தும் நிக்கலன்னா அது ரோட்டுல வேலை. அதான் மொதலாளி ரோட்டைப் பாக்காக."

அலுவலர் டியூப்பைத் தானே ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். பிறகு அதை எழுதிக்கொண்டார். வேட்பாளரிடமும் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கினார். வாசகத்தை அவரே சொல்ல, ஜெகதீஸ்வரன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'இந்த வேலை எந்த வாக்காளரின் நன்மைக்காகவும் செய்யப்பட்டதல்ல.'

அந்த ஒரு வரி மறுநாள் காலையில் தங்கச்செல்வியின் ஆட்கள் கையில் இருந்தது. ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோடு நெடுக வாசித்துக்கொண்டே போனார்கள். அவர்கள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை. மாரிக்கண்ணன் கடைக்குள் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மச்சான், நம்ம கையெழுத்துல நம்மளே தோத்துட்டோம்."

இரண்டு தடவை தோற்றவனை ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும் என்று ஜெகதீஸ்வரன் யோசித்துக்கொண்டிருந்தார்.

நிலைமை கொஞ்சம் சரியானது தங்கச்செல்வியாலேதான். பத்தாம் நாள், கரிமூட்டத்துக்கு அங்குட்டு மேலப்பொட்டல் வரைக்கும் உள்ள முள்ளை அவருடைய ஆட்கள் வேரோடு எடுக்கத் தொடங்கினார்கள். நம்மைப் பார்த்துத்தான் செய்கிறார்கள், போட்டிக்குச் செய்கிறார்கள் என்று மாரிக்கண்ணன் துள்ளிக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தான். பறக்கும் படை மறுபடி வந்தது. தங்கச்செல்வி அலுவலரை ஓரமாக அழைத்துப்போய் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு அதே வாசகத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கடைசி மூன்று நாளும் இரண்டு கோஷ்டியும் அந்த ரோட்டில் எதிரும் புதிருமாகப் போய்வந்தார்கள். ஜெகதீஸ்வரனின் ஆட்கள் தங்கச்செல்வியின் வாக்குமூலத்தை வாசித்தார்கள். தங்கச்செல்வியின் ஆட்கள் ஜெகதீஸ்வரனின் வாக்குமூலத்தை வாசித்தார்கள். ரோடு அகலமாகிவிட்டதால் யாரும் ஒதுங்காமல் ஒருவரை ஒருவர் தாண்டிப் போக முடிந்தது. இரண்டு கோஷ்டிக்கும் நடுவே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராக, அருகருகே சைக்கிள் மிதித்துப் போனார்கள்.

ஜெகதீஸ்வரன் இருபத்திரண்டு ஓட்டில் ஜெயித்தார். மேலப்பொட்டலில் அவருக்கு விழுந்தது போன தடவையைவிட நாற்பது கூடுதல். யாருக்காகவும் செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்த ஆளுக்கு ஏன் போட்டீர்கள் என்று மாரிக்கண்ணன் அங்கே ஒருவரைக் கேட்டான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே எழுதிக் கொடுத்தாக, இவுக முதல்ல கொடுத்தாக என்று அவர் சொன்னார். ஊரில் அந்தப் பழைய பெயர் ஒரே நாளில் மறைந்தது. இப்போது பின்சக்கரம் ஜெகதீஸ்வரன் என்றார்கள். அது அவருக்குப் பரவாயில்லையாக இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. ஓட்டுப்பதிவு நாளிலிருந்து அந்த டயரில் காற்று இறங்கவே இல்லை. அதே சைக்கிள், அதே டயர், அதே டியூப். மேலப்பொட்டலுக்கு மட்டுமல்ல, சோதித்துப் பார்ப்பதற்காக முள் மண்டிக்கிடந்த கண்மாய்க்கரைப் பாதையிலும் ஓட்டிப் பார்த்தார். கல்போல நின்றது. டயருக்குள் முள் நுனி தங்கியிருந்தால் அது எங்கே போனது? மேலும், முள் ரோட்டை வெட்டினால் டயருக்குள் இருக்கிற நுனி எப்படி மறையும்? ஜெயித்த இருபதாம் நாள், இந்த இரண்டாவது கேள்வி அவருக்குத் தோன்றிய உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லகண்ணுவின் கடைக்குப் போனார்.

நல்லகண்ணு ஒரு சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சங்கரம்மாள் சாப்பாட்டு வாளியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். ஜெகதீஸ்வரன் பெஞ்சில் உட்கார்ந்து, முதல் நாள் புளியமரத்தில் தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"எனக்குக் கோவமெல்லாம் இல்லண்ணே. எப்படின்னு தெரிஞ்சா போதும்."

நல்லகண்ணு மனைவியைப் பார்த்தார். சங்கரம்மாள் ஜெகதீஸ்வரனைப் பார்த்தார்.

"ஜெயிச்சதுக்குச் சர்டிபிகேட்டு வாங்கிட்டீகள்ல?"

"வாங்கிட்டேனே."

"தங்கச்செல்வியும் கேசுகீசு எதுவும் போடல?"

"இல்ல."

"அப்பச் சொல்லலாம்," என்றார் சங்கரம்மாள். "மூணு பேரு ஜெயிச்சாக. ஜெயிச்சவுக ஒருத்தரும் அந்த ரோட்டுக்கு வரல. நிக்கிறவுகதான் வருவாகன்னு எங்களுக்குப் புரிய பதினஞ்சு வருசம் ஆச்சு. வந்தாலும் மிதிச்சுக்கிட்டுப் போயிருவாகளே, அங்கங்க இறங்கி நின்னு பாக்கணும்ல."

நல்லகண்ணு எழுந்து வந்து சைக்கிளின் பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். வால்வைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்ன நட்டின் மேல் இரண்டு விரலை வைத்தார். காற்று அடித்து முடித்ததும் இதை முழுக்க இறுக்காமல் விட்டால் காற்று மெல்ல மெல்லக் கசியும், எவ்வளவு இறுக்காமல் விடுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று சொல்லி, இடதுபக்கமாகத் திருகிக் காட்டினார். பிறகு வேலையை விளக்குகிற குரலில் சொன்னார்.

"முழுச் சுத்து லூசு விட்டா, உங்க எடைக்குப் புளியமரம் வரைக்கும் தாங்கும் மொதலாளி. அரைச் சுத்துக்கு ஓடைப்பாலம், கால் சுத்துக்குக் கரிமூட்டம். அதுக்கு அங்குட்டு உங்களை எப்படியும் கொண்டுபோக முடியல. அதான் மிச்ச ரோட்டுக்குத் தங்கச்செல்வியம்மா சைக்கிள்லயும் அதே கால் சுத்து விட்டேன், அவுக எடை கம்மி."